சுந்தர்ராஜின் ஆத்தும இளைப்பாற்றிக்காக

ராயப்பன்பட்டிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்த ஞானசெல்வி, கழுத்தில் தாலி ஏறாமலே விதவையானவள். அவளை யாரும் வெள்ளைச் சேலை கட்டச் சொல்லவில்லை. அவளாகத்தான் கட்டிக்கொண்டாள்.

சுந்தர்ராஜும் அவளும் ஒரே தெரு. மாதா கோயில் பாடகர் குழுவில் அவன் பாட, அவள் பெண்கள் பக்கம் நின்று பாட, அப்படி வளர்ந்த பழக்கம் அது. இரண்டு வீட்டிலும் தெரிந்து, சம்மதித்து, வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். அறுபத்தாறில் அவன் மலாயாவுக்குக் கப்பல் ஏறினான். கோலாலம்பூரில் ஒரு தமிழ் முதலாளியின் மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை வேலை. மூன்று வருடம் சம்பாதித்து வந்து ஒரு காரை வீடு கட்டிவிட்டுத்தான் கல்யாணம் என்று சொல்லிப் போனான். கடிதங்கள் தவறாமல் வந்தன.

அறுபத்தொன்பது மே மாதம் கோலாலம்பூரில் கலவரம் என்று பத்திரிகையில் வந்தது. கடிதம் நின்றது. ஜூன் கடைசியில் ஒரு காலையில் சுந்தர்ராஜின் அப்பா அய்யாத்துரை தலையில் அடித்துக்கொண்டு ஞானசெல்வி வீட்டு வாசலில் வந்து விழுந்தார். மகன் கலவரத்தில் வெட்டுப்பட்டுச் செத்துப்போனான், செத்தவர்களை எல்லாம் ஒரே குழியில் போட்டு அரசாங்கமே மூடிவிட்டது என்று தகவல் வந்திருப்பதாகச் சொன்னார். ஊரே அழுதது. முப்பதாம் நாள் கோயிலில் இறந்தோர் பூசை வைத்தார்கள். பிணம் இல்லாததால், சவம் வைக்கும் தூம்பாப் பெட்டியை வெறுமையாக வைத்துக் கறுப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். அதன் பக்கத்தில் முழங்காலில் நின்ற அய்யாத்துரைக்கு மயக்கம் வந்தது. அவரைத் தாங்கிப் பிடித்தவள் ஞானசெல்வி.

அய்யாத்துரைக்கு மனைவி இல்லை. வேறு பிள்ளையும் இல்லை. கட்டிக்கொள்ளாத வீட்டுக்கு மருமகளாக ஞானசெல்வி தினமும் மத்தியானம் பள்ளிக்கூட மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிப்போய், அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். அவளுடைய அண்ணன் ஜேசுராஜ் கம்பத்திலிருந்து கேரளத்து ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டினான். எத்தனையோ மாப்பிள்ளைகளைக் கொண்டுவந்து பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை. வருடங்கள் இப்படியே போயின.

எழுபத்திரண்டு தை மாதம் உத்தமபாளையம் பஜாரில் ஜெய்லானி ராவுத்தர் கடைக்கு அவள் துணி வாங்கப் போனாள். ராவுத்தரின் தம்பி மலாயாவில் ஈப்போ நகரத்தில் ஜவுளி வியாபாரம் செய்தார். ராவுத்தரும் நாலைந்து வருடம் அங்கேயே இருந்துவிட்டு, போன மாதம்தான் ஊர் திரும்பியிருந்தார். வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டே, சின்ன வயசில் யாருக்காக இந்த வெள்ளை என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் கை நின்றது.

"ராயப்பன்பட்டி அய்யாத்துரை மகனா? நெத்தியில ஒரு தழும்பு இருக்குமே, நல்லாப் பாடும், அந்தப் பிள்ளையா?"

"ஆமாண்ணே."

ராவுத்தர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கடைக்குள்ளிருந்த தன் மனைவி ஜெய்த்தூன் பீவியைக் கூப்பிட்டு, டீச்சரம்மாவுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

"தாயி, அந்தப் பிள்ளை உசுரோட இருக்கு. ஈப்போவுல அவுக கடையிலதான் நாங்க அரிசி வாங்குறது. கலவரத்துக்கு அப்புறம் மொதலாளி கடைய ஈப்போவுக்கு மாத்திட்டாரு. மொதலாளி மகளையே அதுக்குக் கட்டிக் குடுத்திருக்காக. கைப்பிள்ளை ஒண்ணு இருக்கு. நான் உத்தமபாளையம்னு சொன்னதும் மொகம் செத்துப்போச்சு. என்னமோ சங்கடம்னு விட்டுட்டேன். இப்பத்தான் புரியுது."

ஞானசெல்வி நாற்காலியில் உட்காரவில்லை. கிழித்த துணிக்குப் பணம் கொடுத்தாள். மடித்து வாங்கிக்கொண்டாள். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். மறுநாள் மத்தியானம் வழக்கம்போல அய்யாத்துரைக்குச் சோறு கொண்டுபோனாள்.

அவர் சாப்பிடுவதை அன்றைக்குத்தான் அவள் முதல்முதலாகக் கவனித்துப் பார்த்தாள். குழம்பை ஊற்றி, பிசைந்து, உருட்டி, ருசித்துச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். மகனைப் பறிகொடுத்தவர் சாப்பிடும் சாப்பாடு இல்லை இது. இத்தனை வருடமும் இப்படித்தான் சாப்பிட்டிருக்கிறார். தூம்பாப் பெட்டி வெறும் பெட்டி என்று தெரிந்துகொண்டே அதன் பக்கத்தில் மயங்கி விழுந்திருக்கிறார். அவள் ரசம் ஊற்றினாள்.

அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே ஜேசுராஜ் அரிவாளோடு போய் அய்யாத்துரையை வெட்டிவிடுவான் என்று தெரியும். வெட்டினால் எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்படிச் சீக்கிரம் முடிவதில் அவளுக்கு விருப்பமில்லை. தவிர, இது அண்ணனுடைய பழி இல்லை.

ராவுத்தரின் மகள் ஈப்போவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்கு அது தலைப்பிரசவம். ஜெய்த்தூன் பீவி ஆனி மாதக் கப்பலில் போவதாக இருந்தது. கடையை விட்டு ராவுத்தர் கிளம்ப முடியாது. துணைக்கு ஆள் வேண்டும். ஞானசெல்வி தானும் வருவதாகச் சொன்னாள். ராவுத்தர் தயங்கினார். ஜெய்த்தூன் பீவி தயங்கவில்லை. "இவ எங்கூட வரட்டும். எம் மகளுக்கு இப்பிடி ஒருத்தன் செஞ்சிருந்தா நான் நீந்தியே போயிருப்பேன்" என்று புருஷனிடம் சொன்னாள். ஈப்போவில் தம்பி வீட்டு விருந்தாளி என்று இரண்டு பேருக்கும் காகிதம் தயாரானது. ஞானசெல்வி தன் வளையல்களை விற்றுக் கப்பலுக்குக் கட்டினாள்.

அண்ணனிடம், அவரைப் புதைத்த மண்ணைப் பார்த்து ஒரு மெழுகுவத்தி வைத்துவிட்டு வருகிறேன், அப்புறம் நீ சொல்கிற இடத்தில் கழுத்தை நீட்டுகிறேன் என்றாள். ஜேசுராஜ் அழுதுவிட்டான். மதுரை வரைக்கும் தானே ஜீப்பில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அய்யாத்துரைக்குச் சோறு போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து சொன்னாள்.

"மாமா, நான் மலாயாவுக்குப் போறேன். அவுகளப் பொதச்ச எடத்தப் பாக்கணும்."

அய்யாத்துரையின் வாயிலிருந்த சோறு இறங்கவில்லை. தண்ணீர் குடித்தார்.

"அங்கன என்ன தாயி இருக்கு? மொத்தமாப் போட்டு மூடிட்டாகல்ல."

"மண்ணு இருக்கும்ல மாமா."

"பொம்பளப்பிள்ள, கடல் தாண்டி... வேணாம் ஆத்தா. அவன் ஆத்துமா சாந்தியா இருக்கட்டும். நீ அங்கன போயி அழுதா அவனுக்குத்தான் சங்கடம்."

"அவுகளுக்கு என்ன சங்கடம் மாமா? அவுக செத்தவுகதான?"

இதைச் சொல்லிவிட்டு அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உண்மையைச் சொல்ல அவருக்கு இடம் கொடுத்தாள் என்று பின்னாளில் அவளே நினைத்துக்கொண்டதுண்டு. ஆனால் அன்றைக்கு அவர் சொல்லியிருந்தால் அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. கப்பல் எந்தத் தேதியில் பினாங்குக்குப் போய்ச் சேரும் என்று மட்டும் கேட்டார். அவள் தேதியைச் சரியாகச் சொன்னாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் கம்பத்துக்குப் போவதைப் பார்த்தாள். தந்தியாபீசுக்குத்தான். போகட்டும் என்றுதான் தேதி சொன்னாள். வருகிறாள் என்று தெரிந்து ஒருவன் அங்கே சோறு இறங்காமல் கிடக்கட்டும்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. படகில் ஏற்றிக்கொண்டுபோய், ஆடும் படகிலிருந்து கப்பல் ஏணியில் ஏற்றிவிட்டார்கள். மேல்தளத்தில் பாய் விரித்து, நூற்றுக்கணக்கான சனங்களோடு படுக்கை. ஜெய்த்தூன் பீவிக்கு வாந்தி. ஞானசெல்வி அவளுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்து, தலையைப் பிடித்துவிட்டாள். வாந்தி நின்ற ஒரு சாயங்காலம், அங்கே போய் என்னதான் செய்யப் போகிறாய் என்று பீவி கேட்டாள்.

"நானா இருந்தா மூஞ்சியில காறித் துப்பிட்டு வந்துருவேன்" என்றாள்.

"துப்புனா தொடைச்சுக்குவாக அக்கா" என்றாள் ஞானசெல்வி.

பினாங்குத் துறைமுகத்தில் இறங்கி வெளியே வந்தபோது கம்பி வேலிக்குப் பக்கத்தில் சுந்தர்ராஜ் நின்றான்.

கொஞ்சம் சதை போட்டிருந்தான். வெள்ளைச் சட்டை, கையில் கடிகாரம். நெற்றியில் அந்தத் தழும்பு. அவனைப் பார்த்ததும் ஞானசெல்விக்கு முதலில் வந்தது சந்தோஷம். உயிரோடு இருக்கிறான், கை கால் முழுசாக இருக்கிறான் என்று அவள் உடம்பு முழுவதும் ஒரு சூடு ஓடியது. வருடக்கணக்காக அழுததெல்லாம் அந்த ஒரு நொடியில் கரைந்துபோனது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளக்கூடக் கால் எழுந்தது. அடுத்த நொடியில் எல்லாம் நினைவுக்கு வந்தது. அவன் செய்த மற்றதையெல்லாம் ஒருவேளை மன்னித்திருப்பாள். தன்னை அப்படிச் சந்தோஷப்பட வைத்ததை அவளால் மன்னிக்க முடியவில்லை.

அவள் அவனைத் தாண்டி நடந்தாள்.

"ஞானம்" என்றான். "ஞானம், நாந்தான்."

ஜெய்த்தூன் பீவி திரும்பி, யார் அது என்று கேட்டாள்.

"தெரியலக்கா. வேற யாரையோ கூப்புடுறாக."

அவன் கூடவே வந்தான். வேலைப் பத்திரம் இல்லாதவர்களை நாட்டை விட்டு அனுப்பும் காலம் வந்தது, முதலாளி மகளைக் கட்டினால்தான் இருக்க முடியும் என்று ஆனது, உன் அண்ணனுக்குப் பயந்து அப்பாதான் அப்படிச் சொல்லிவிட்டார், நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன் என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே வந்தான். ஈப்போவுக்கு மட்டும் வரவேண்டாம் என்று கெஞ்சினான். ஞானசெல்வி பீவியின் பெட்டியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, வெயில் அதிகமாக இருக்கிறது, சீக்கிரம் போவோம் என்றாள். ராவுத்தரின் தம்பி கார் கொண்டுவந்திருந்தார். கார் கிளம்பும்போது அவன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அவள் ஈப்போவில் தமிழர்கள் போகும் கோயிலைக் கேட்டுக்கொண்டு போனாள். சாமியார் வெள்ளைக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். நாளைப் பூசையை ஓர் ஆத்துமத்துக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று சொல்லி, காணிக்கையை வைத்தாள். இறந்தவர் யார் என்று கேட்டார்.

"எனக்கு நிச்சயம் பண்ணுனவுக சாமி. கலவரத்துல செத்துட்டாகன்னு அவுக அப்பாவே சொன்னாக. எங்க ஊர்க் கோயில்ல முப்பதாம் நாள் பூசையும் வச்சோம்."

அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. சாமியார் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டார். பாடகர் குழுவை நடத்தும் ராஜன்தான் அந்தச் சுந்தர்ராஜ் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஞாயிறு காலை அவள் வெள்ளைச் சேலையில் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஓரத்தில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் சுந்தர்ராஜ் நின்றான். அவளைக் கண்டதும் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டான். மூன்றாவது பெஞ்சில் முதலாளி. அவருக்கு எதிர்ப்பக்கத்தில் அவர் மகள் ஜெபராணி, மடியில் பெண் குழந்தையோடு. சாமியார் பீடத்தில் நின்று காகிதத்தைப் பிரித்தார்.

"இந்தப் பூசை, ராயப்பன்பட்டி அய்யாத்துரை மகன் சுந்தர்ராஜின் ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

முதலாளி தலையைத் திருப்பி மருமகனைப் பார்த்தார். ஜெபராணி திரும்பினாள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலையாக வாசித்து அறிவித்த பெயர் அது. அந்தக் கோயிலில் பாதிப் பேருக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு பெஞ்சாக முகங்கள் அவன் பக்கம் திரும்பின. ஆர்மோனியக்காரர் கட்டையை அழுத்தினார். பாட்டு எழவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். பெண்கள் பக்கத்திலிருந்து ஞானசெல்வி பாட ஆரம்பித்தாள். இறந்தோருக்கான பாட்டு. ஊரில் அவனோடு சேர்ந்து கற்றுக்கொண்ட பாட்டு. குரல் உடையாமல் கடைசி அடிவரை பாடினாள்.

பூசை முடிந்ததும் வெளியே மரத்தடியில் சனம் கூடிவிட்டது. முதலாளி நேராக ஞானசெல்வியிடம் வந்தார். கோபக்காரர் இல்லை. யாருக்கு இந்தப் பூசை என்று மெதுவாகத்தான் கேட்டார். அவள் சாமியாரிடம் சொன்னதையே சொன்னாள். முதலாளி மருமகனை அழைத்தார். அவன் வந்து தலை குனிந்து நின்றான்.

"எங்க மாப்பிள்ளையும் ராயப்பன்பட்டிதான். அவர் அப்பா பேரும் அய்யாத்துரைதான். இவர் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே அப்பா அம்மா ரெண்டு பேரும் தவறிட்டாங்கன்னு சொன்னார்" என்றார் முதலாளி.

இது ஞானசெல்வி எதிர்பாராதது. அப்பன் மகனைச் சாகடித்தான், மகன் அப்பனைச் சாகடித்திருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது.

"அய்யாத்துரை மாமா நல்லா இருக்காகய்யா. நான் கெளம்புற அன்னைக்குக்கூட எங்கையால சோறு வாங்கிச் சாப்புட்டாக."

"அப்ப செத்தது யாரும்மா?"

"அத இவுககிட்டதான் கேக்கணும். எனக்கு இவுகளத் தெரியாது. நான் அறிஞ்சவுக செத்துட்டாக."

சுந்தர்ராஜ் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். யாரும் அவனைத் தூக்கவில்லை.

மறுநாள் காலை ஜெபராணி ராவுத்தரின் தம்பி வீட்டுக்கு வந்தாள். குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். ஞானசெல்வியைவிடச் சின்னவள். கண் வீங்கியிருந்தது. ஆனால் அங்கே வந்து அழவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க நம்பணும்."

"நம்புறேன்."

"நேத்து ராத்திரி எல்லாத்தையும் சொல்லிட்டார். கறுப்புத் துணி போட்ட பெட்டி வச்சாங்களாமே. நீங்க அதுக்குப் பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

ஜெபராணி குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, உங்களுக்கு அவர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் ஞானசெல்வி.

"எனக்கும் வேண்டாம். இன்னொரு நாள் என்னையும் இந்தப் பிள்ளையையும் எங்கேயாவது சாகடிச்சிருவார். அடுத்த கப்பல்ல அவரை ஏத்திவிடச் சொல்லி அப்பாகிட்ட சொல்லிட்டேன். செத்துப்போன ஊருக்கே போய் இருக்கட்டும்."

"நான் அதக் கேக்கலயே தாயி."

"நான் உங்களுக்காகச் செய்யலைங்க."

குழந்தை ஞானசெல்வியின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. அதற்கு அப்பனின் நெற்றி. அந்த விரல்களை மெதுவாக விடுவித்தபோதுதான், தான் வீசிய கல் யார் யார்மேல் பட்டிருக்கிறது என்று ஞானசெல்விக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தாள். ஜெபராணி அதற்குள் எழுந்துவிட்டாள். அன்று சாயங்காலம் ஜெய்த்தூன் பீவி கொழுந்தன் கடையிலிருந்து ஒரு நீலப் பூப்போட்ட மெல்லிய வாயில் துணிச் சேலை எடுத்துவந்து கொடுத்தாள். ஞானசெல்வி மறுக்காமல் கட்டிக்கொண்டாள்.

பீவியின் மகளுக்குப் பிள்ளை பிறந்து, பெயர் வைத்து, அவர்கள் ஊர் திரும்புவதற்குள் சுந்தர்ராஜ் வந்து சேர்ந்திருந்தான். பட்டப்பகலில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறான். தெரு மொத்தமும் வெளியே வந்து நின்று பார்த்ததாம். செய்தி கேட்டு ஜேசுராஜ் கம்பத்திலிருந்து அரிவாளோடு ஜீப்பில் பறந்து வந்தான். அய்யாத்துரை மகன்மேல் குப்புற விழுந்து மறைத்துக்கொண்டார். கிழவனை வெட்டக் கை வராமல், ஜேசுராஜ் நேரே அவர் தோட்டத்துக்குப் போய், குலை தள்ளி நின்ற வாழை அத்தனையையும் வெட்டிச் சாய்த்தான். பொழுது சாயும்வரை வெட்டினான். யாரும் தடுக்கவில்லை.

பங்குச்சாமியார் அப்பனையும் மகனையும் கூப்பிட்டு விசாரித்தார். பொய்யாக ஒரு பூசை வைத்து ஆண்டவரையே ஏய்த்தீர்கள் என்று சொல்லி, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முழுக்க ஞாயிறுதோறும் கோயில் வாசலில் முழங்காலில் நிற்க வேண்டும் என்று விதித்தார். நின்றார்கள். சனங்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். ஞானசெல்வி சுற்றிப் போகவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து போனாள்.

ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் அய்யாத்துரை அவளுக்காகக் காத்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"பழி தீந்துச்சா தாயி?"

"இன்னும் இல்ல மாமா" என்றாள்.

பெரிய வியாழனுக்கு முன்னால், பாவங்களைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய ஊரே வரிசையில் நின்றது. ஞானசெல்வியும் நின்றாள். அவள் முறை வந்ததும் ஈப்போவில் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். இதற்காக மனம் வருந்தி மனஸ்தாபப்படுகிறாயா, அவர்களை மன்னிக்கிறாயா என்று பங்குச்சாமியார் கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்காகவும் பிள்ளைக்காகவும் மனஸ்தாபப்படுறேன் சாமி. இவுக ரெண்டு பேருக்காக இல்ல. திரும்ப நடந்தா திரும்பச் செய்வேன்."

அப்படியானால் பாவப்பொறுத்தல் கொடுக்க முடியாது, அது இல்லாமல் பூசையில் நன்மை அப்பம் வாங்கவும் கூடாது என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். யோசித்துவிட்டு வா என்றார். அவள் சரி என்று எழுந்து வந்தாள். வீட்டுக்குப் போய் யோசித்தும் பார்த்தாள். மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்லிவிடுவது கஷ்டமில்லை. ஆனால் அந்தக் குடும்பம் சொன்ன மாதிரி ஒரு பொய்யை ஆண்டவர் முன்னால் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

ஈஸ்டர் பூசையில் நன்மை அப்பம் வாங்கும் நேரம். சனங்கள் பெஞ்சு பெஞ்சாக எழுந்து பீடத்துக்குப் போனார்கள். தண்டனை முடிந்த அய்யாத்துரையும் சுந்தர்ராஜும் வரிசையில் போய், கை கூப்பி, நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு, கண்ணை மூடியபடி திரும்பி நடந்தார்கள். பக்கத்துப் பெஞ்சு காலியானது. அவளுடைய பெஞ்சு காலியானது. ஜேசுராஜ் ஆண்கள் பக்கத்திலிருந்து, வரவில்லையா என்று கண்ணால் கேட்டான். போ என்று அவள் தலையசைத்தாள். நீலச் சேலை முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, எழுந்திருக்காமல், முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.